பாதி ஞாயம்

அவருக்கு எதிரி என்று ஒருவன் இருந்திருந்தால் அவனுக்கு வக்கீல் வைக்கும் வேலை மிச்சமாகியிருக்கும். இவரே எழுந்து நின்று அவன் பக்கத்து ஞாயத்தை முழுசாகச் சொல்லி, கூட்டம் தலையாட்டும்வரை காத்திருந்து, அதன் பிறகுதான் தன் பக்கத்துக்கு வருவார். ஊரில் மற்றவன் எல்லாம் வாயைத் திறந்தால் "நான்" என்று ஆரம்பிப்பான். இந்த மனுஷன் மட்டும் "அவனுக்க பக்கம் பாத்தா" என்று ஆரம்பிப்பார். கேட்கிறவனுக்கு ரத்தம் கொதிக்கும். எனக்கும் கொதித்திருக்கிறது. ஆனால் அந்தக் குணத்துக்காகவே அவருக்குக் குழி வெட்டினோமே, அந்த மண்வெட்டியில் என் கையும் இருந்தது. வேறு எவனும் இதை எழுதப்போவதில்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் இனயத்துக்குப் பக்கத்துக் கரை. அங்கே வள்ளத்து இஞ்சின்களைப் பழுது பார்க்கிறவர் அவர் ஒருவர்தான். எங்களுக்கு ரத்தச் சொந்தம் கிடையாது, ஆனாலும் ஊரில் இளையவர்கள் எல்லோருக்கும் அவர் மாமாதான். கடலில் போகிற குடும்பத்தில் பிறந்தவர். கடல்தான் அவருக்குச் சேரவில்லை. சின்ன வயதில் அவருடைய அப்பா வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போனபோதெல்லாம், கரையலை தாண்டுவதற்குள் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுப்பாராம். "மீனுக்கு வெள்ளம் ஆகாதுன்னு எங்கயாவது கேட்டிருக்கியளா? இன்னா, நம்ம ஊருல ஒண்ணு கெடக்கு" என்று கேலி பேசிப் பேசியே அவரைக் கரையில் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தவர் இஞ்சின் வேலையைக் கற்றுக்கொண்டார்.

கோயிலுக்கு மேற்கே அவருடைய ஷெட். நடுவில் வெள்ளம் நிறைத்த ஒரு டிரம். பழுது பார்த்த இஞ்சினை அதில் இறக்கி ஓட்டிப் பார்ப்பார். ஊருக்குப் பாதித் தூரம் கேட்கும். அப்பா ஒரு தடவை இஞ்சினைத் தோளில் சுமந்துகொண்டு போய் அந்த ஷெட்டில் தொப்பென்று போட்டார். நான் கூட நின்றேன்.

"எளவெடுத்த இஞ்சினு! நடுக்கடல்ல வச்சு கழுத்தறுத்துப் போட்டுது. இத ஒடச்சி இரும்புக்குப் போடப் போகேன்."

"இரி அண்ணே. மொதல்ல அதுக்க பக்கம் என்னான்னு பாப்பம்" என்றார் அவர். மூடியைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "உப்பு அப்பிப் போய் இருக்கு. கரைக்கு வந்தா நல்ல வெள்ளம் விட்டுக் கழுவணும், நீ கழுவல்ல. மண்ணெண்ணெயில கசடு. பிளக்கு மாத்தி எத்தன மாசம் ஆச்சு? இவ்வளவு கொடுமைக்கும் இது உன்னக் கரையில கொண்டு விட்டிருக்கு. எனக்கு இந்த இஞ்சின் மேல மரியாதையாட்டு இருக்கு."

"ஒனக்கு சோறு போடுகது நானா, இஞ்சினா?"

"ரெண்டு பேருந்தான்" என்று சிரித்தார். அதன் பிறகு அப்பாவின் பக்கத்துக்கு வந்தார். கடைக்காரன் கொடுத்த உதிரிச் சாமான் போலி, அதில் இஞ்சின் நின்றால் ஆளின் உயிர் போகும், அந்தக் கடைக்காரனை நானே போய்க் கேட்கிறேன் என்றார். கேட்கவும் செய்தார். அப்பா அந்த இஞ்சினை இன்னும் நாலு வருஷம் ஓட்டினார். ஆனால் கடைசிவரை, "அவன் இஞ்சினுக்க மச்சான்" என்றுதான் அவரைச் சொல்வார்.

இந்தக் குணம் அவருக்குப் பிறவியில் வந்ததா என்று எனக்குத் தெரியாது. ஊர் வளர்த்துவிட்டது என்பது தெரியும். எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் ஊர் வழக்குகளைப் பேசுவார்கள். எங்கள் ஆண்களில் பாதிப் பேர் தங்கல் போட்டுகளில் மாதக்கணக்கில் ஆழ்கடலில் கிடப்பவர்கள். அப்படிக் கடலில் கிடக்கிற ஒருவனைப் பற்றி வழக்கு வந்தால், அவனுக்காக ஒரு ஆள் முதலில் பேசவேண்டும். அவன் பக்கத்தைக் கேட்ட பிறகுதான் குற்றம் சொல்கிறவன் வாய் திறக்கலாம். போனவன் திரும்பி வராமலே போய்விடலாம் அல்லவா? அவனைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்வது பாவம் என்று எந்தக் காலத்திலோ பெரியவர்கள் வைத்த முறை. மாமா எப்போதும் கரையிலேயே இருக்கிறவர் என்பதால் அந்த வேலை அவர் தலையில் விழுந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் அவர்தான் பேசினார்.

அதை வெறும் சடங்காகச் செய்யமாட்டார். ஒரு தடவை, போட்டில் போயிருந்த ஒருவன்மீது அவன் பெண்டாட்டி வழக்குக் கொண்டு வந்தாள். குடித்துவிட்டு அடிக்கிறான் என்று. அந்த ஆள் முந்தின வருஷம்தான் ஏதோ தகராறில் மாமாவின் கன்னத்தில் அறைந்தவன். மாமா எழுந்து அவனுக்காகப் பேசினார். நாற்பது நாள் கரை காணாமல் கிடக்கிறவனுக்கு என்ன ஆகும், அவனுடைய தம்பி கண்ணெதிரே அலையில் போனது எப்படி, அதற்குப் பிறகு அவன் உறங்குவது இல்லை என்பது, எல்லாம். அவனுடைய அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு அவர் ஒரு வாய் வெள்ளம் குடித்தார். "இனி அடுத்த பக்கம்" என்றார். "இவ்வளவு கஷ்டம் உண்டும். ஆனா இதுல ஒண்ணையாவது இந்தப் பிள்ள அவனுக்குச் செய்தாளா? கடல் அடிச்சதுக்கு இவள எதுக்கு அடிக்கணும்?" வழக்கு அந்த இடத்திலேயே முடிந்தது. அந்த "இனி அடுத்த பக்கம்" வருவதற்காகத்தான் ஊர் காத்திருக்கும். முப்பது வருஷத்தில் ஒரு வழக்கையும் அவர் பாதியில் விட்டதில்லை.

மாமிக்கு மட்டும் இதில் தீராத கோபம். "எனக்க பக்கம் இந்த மனுசன் மொதல்ல பேசணும்னா நான் கடலுக்குத்தான் போகணும்" என்பாள். கல்யாணத்தன்றே, விருந்துச் சோறு குழைந்துவிட்டது என்று அவள் அப்பா சத்தம் போட, மாப்பிள்ளை சமையல்காரன் பக்கம் பேசினாராம்.

இப்படிப்பட்ட ஆள் இருந்த கரைக்குத்தான் அணுமின் உலை வருகிறது என்று பேச்சு வந்தது. கிழக்கே ஒன்று ஏற்கெனவே நிற்கிறது. அதை நாங்கள் பார்க்காதவர்கள் அல்ல. எங்கள் ஊரில் கோயில் மணி அடித்தார்கள், கறுப்புக் கொடி கட்டினார்கள், பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். எல்லோரும் ஒரே வாயாக எதிர்த்துக்கொண்டிருந்தபோது, ஷெட்டில் டிரம்முக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இவர் ஆரம்பித்தார்.

"கரண்டு வேணுமா வேண்டாமா? ஐஸ் பிளான்ட்டுல ஒரு நாள் கரண்டு நின்னா எத்தன கூடை மீனக் குழி தோண்டிப் புதைக்கோம்? நிலக்கரி எரிச்சாலும் அந்தச் சாம்பல் எவனுக்க ஊருலயோ விழத்தான் செய்யும். அங்கயும் பிள்ளைங்க மூச்சு முட்டிச் சாவுது. அணுவுல புகை இல்ல, அது உள்ளது தான."

"மாமா, நீங்க அவனுவளுக்க ஆளாயிட்டியளா?" என்று ஒருவன் கேட்டான்.

"லேய், நான் இன்னும் நம்ம பக்கத்துக்கே வரல்ல. அதுக்குள்ள என்ன அவசரம்?"

இதில் இன்னொன்றும் உண்டு. மாமிக்குக் கழுத்தில் கழலை வந்து, புற்று என்றார்கள். எங்கள் கரையில் அது புதுசு இல்லை. மணலில் இருக்கிற கதிர்வீச்சால்தான் என்று சிலர் சொல்வார்கள், இல்லை என்று சிலர் சொல்வார்கள். முப்பது நாற்பது வீடு சேர்ந்த ஒவ்வொரு அன்பியத்திலும் திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒரு வீடாவது இருக்கும். மாமிக்கு அங்கே கதிர் மருந்து கொடுத்தார்கள். தனி அறையில் வைத்து, யாரும் கிட்டே போகக்கூடாது என்று. அவள் பிழைத்து வந்தாள். "அந்த அணுவ வச்சுத்தான் இவளுக்க நோயக் கரிச்சாவ" என்று மாமா சொல்வார். "மண்ணுல கெடந்து நோயத் தந்ததும் அதுவா இருக்கலாம். நான் எந்தப் பக்கம் மட்டும் பேசட்டும் மக்கா?"

நான் அப்போது அரசாங்க ஆபீஸில் குமாஸ்தா. எந்த ஆபீஸ் என்று சொல்லமாட்டேன். எனக்கும் பென்ஷன் வேண்டும். எங்கள் கரையிலிருந்து அந்த வேலைக்குப் போன முதல் ஆள் என்று அம்மா அந்தோணியார் குருசடியில் மெழுகுதிரி கொளுத்தியிருக்கிறாள். உலைக்கான கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த உத்தரவு வந்தபோது, பேசுகிறவர்களின் கருத்தைப் பதிவு செய்கிற வேலையை எனக்குப் போட்டார்கள். கடற்கரைக்காரர்களின் கருத்தைக் கேட்க, கடல் வாசனையே எட்டாத தக்கலையில், ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்திருந்தார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. ஆளுக்கு மூன்று நிமிஷம். பதிவுத் தாளில் பெயர், ஊர், கருத்து. கருத்து என்றால் ஆதரவு அல்லது எதிர்ப்பு. நடுவில் ஒரு இழை இடம்கூடக் கிடையாது.

முந்தின நாள் சாயங்காலம் ஷெட்டுக்குப் போனேன். மாமாவும் பேசப் பெயர் கொடுத்திருந்தார். என்ன பேசப் போகிறீர்கள் என்று கேட்டேன். முதல் பாதி எனக்குத் தெரிந்ததுதான். இரண்டாம் பாதியை அன்றைக்குத்தான் கேட்டேன்.

"நல்லது ஆருக்கு, கெட்டது ஆருக்குன்னு தனித்தனியா எழுதணும் மக்கா. கரண்டு கம்பி வழியா தூரமாட்டு ஓடிப் போயிரும். சூடுவெள்ளம் நம்ம கடல்ல கெடக்கும். மீனு சூடு கண்டா எடம் மாறும். உலைக்கு முன்னால வள்ளம் போகக் கூடாதுன்னு கடல்ல எல்லை போடுவான். நமக்கு மீன் கிட்டுக பாறை எல்லாம் அந்த எல்லைக்கு உள்ளதான் கெடக்கு. எரிஞ்சு தீந்த கழிவ என்ன செய்வியன்னு கேட்டா, பத்திரமா வைப்போம்னுகான். எத்தன காலத்துக்கு? நம்ம பேரனுக்க பேரன் காலத்துக்கும் தீராது. அத்தன நாள் காவல் நிக்க எந்த ராசா இருக்கான்?"

டிரம்மில் கிடந்த வெள்ளத்தைக் கையால் அளைந்தார். பிறகு சொன்னார்.

"எல்லாத்துக்கும் மேல ஒண்ணு. உலையில எதாவது ஆச்சுன்னா கரையில இருக்கவனுக்கு மைக் வச்சுச் சொல்லுவான், பஸ் விடுவான். உள்ள ஒரு ரோட்டுல நாம எப்படியும் ஓடுவோம். கடல்ல கெடக்கவனுக்கு ஆரு போய்ச் சொல்லுவா? ஓகிப் புயல் அடிச்சப்ப அவனுக்குத் தெரிஞ்சுதா? அவன் மீனக் கொண்டுக்கிட்டு நேரா இந்தக் கரைக்குத்தான் வந்து ஏறுவான். இதுக்கு ஒரு பதில் சொல்லிட்டா நான் ஒப்புக்கிடுகேன். பதில் சொல்லாத வரைக்கும் எனக்க வாக்கு வேண்டாம்னுதான்."

ஊரில் இத்தனை மேடை போட்டுக் கத்திய எவனும் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவில்லை.

"மாமா, இத மொதல்ல சொல்லுங்க. மூணு நிமிசந்தான் தருவாவ. மணி அடிச்சிருவாவ."

"அது முறை இல்ல மக்கா. அங்க இல்லாதவனுக்க பக்கம் மொதல்ல."

"இது நம்ம கோயில் முற்றம் இல்ல மாமா."

"ஆளுங்க ஆளுங்கதான? கேப்பாவ" என்றார். அந்த நம்பிக்கையை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

மண்டபத்தில் கூட்டம் நெருக்கியடித்தது. எங்கள் ஊரிலிருந்து மட்டும் நாலு பஸ் வந்திருந்தது. மேடையில் அதிகாரிகள், கீழே ஓரமாக ஒரு மேசையில் நான். மாமாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அலக்கித் தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். நகக்கண்ணில் மட்டும் கறுப்பு போகவில்லை. மைக்கைப் பிடித்து, என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்துவிட்டு ஆரம்பித்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் மொதல்ல இங்க வராதவங்களுக்காகப் பேசுகேன். எங்கயோ ஒரு ஊருல, ஆஸ்பத்திரியில, மாசம் தெகையாமப் பிறந்த ஒரு பிள்ள கண்ணாடிப் பெட்டிக்குள்ள கெடக்கு. அந்தப் பெட்டி சூடா இருக்கதுக்குக் கரண்டு வேணும். அந்தப் பிள்ள தக்கலைக்கு வந்து மைக் பிடிச்சுப் பேசாது. அதனால நான் பேசுகேன்."

மேடையில் இருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எங்கள் ஊர்ப் பெஞ்சுகளில் ஒரு முனகல். ஊரில் எல்லோருக்கும் அவருடைய முறை தெரியும். பெரியவர்கள் பேசாமல்தான் இருந்தார்கள். ஆனால் மற்றக் கரைக்காரர்களுக்கு அது எப்படித் தெரியும்? "இறக்குங்கலே அந்த ஆள! எவன் வாங்கிக் குடுத்தான்?" என்று பின்னாலிருந்து கத்தினார்கள். கத்தல் கேட்டதும் எங்கள் பையன்களுக்கு மானம் போனது. அவர்களும் சேர்ந்து கத்தினார்கள். மாமா சத்தம் அடங்கட்டும் என்று நின்றார். கோயில் முற்றத்தில் நிற்கிற மாதிரியே, பொறுமையாக. நிமிஷம் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு ஐஸ் பிளான்ட்டைச் சொன்னார். புகை இல்லாததைச் சொன்னார். மாமிக்குக் கொடுத்த மருந்தைச் சொன்னார். ஒரு மிடறு வெள்ளம் குடித்தார்.

"இனி அடுத்த பக்கம்" என்றார். மணி அடித்தது. மைக்கை அணைத்துவிட்டார்கள்.

அவர் நிறுத்தவில்லை. மைக் இல்லாமலே பேசினார். இஞ்சின் சத்தத்தில் பேசிப் பழகிய தொண்டைதான், ஆனால் அந்தக் கூச்சலில் எடுபடவில்லை. பத்தடி தூரத்தில் இருந்த எனக்கு மட்டும் கேட்டது. "கடல்ல கெடக்கவனுக்கு ஆரு போய்ச் சொல்லுவா?" இரண்டு போலீஸ்காரர்கள் மரியாதையாகத்தான் தோளைப் பிடித்து இறக்கினார்கள். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த மேலதிகாரி குனிந்து பார்த்தார்.

"என்ன தம்பி, கட்டம் காலியா கெடக்கு?"

"சார், அவர் பாதிதான் பேசினார். அவர் எதிர்ப்பு, சார்."

"மைக்குல பேசினது என்ன?"

"ஆதரவா..."

"அதை எழுதுங்க. மனசுல இருக்கதுக்கெல்லாம் நமக்கு ஏது கட்டம்?"

எழுதினேன். நாலு எழுத்து. தாளின் ஓரத்தில் "முழுமையாகப் பேச நேரம் கிடைக்கவில்லை" என்று ஒரு வரி எழுதியிருந்தால் என் கை முறிந்திருக்காது. வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷம், இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. அவ்வளவுதான் காரணம். பெரிய காரணம் எதுவும் இல்லை.

மறுநாள் விடிவதற்குள் அந்த மூன்று நிமிஷ வீடியோ எல்லோருடைய போனிலும் வந்துவிட்டது. "மீனவரே வேண்டும் என்கிறார்" என்று மேலே எழுதியிருந்தார்கள். பக்கத்துக் கரைக்காரர்கள் எங்கள் ஊர்ப் பெண்களைச் சந்தையில் வைத்து, "உலைக்காரிங்க வந்தாச்சு" என்று சொன்னார்கள். ஊருக்கு அது பொறுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் முற்றத்தில் வழக்கு எடுத்தார்கள். மாமா ஊரில் இல்லை. மாமியைத் திருவனந்தபுரத்துக்குப் பரிசோதனைக்குக் கூட்டிப் போயிருந்தார். இல்லாத ஆளைப் பற்றிய வழக்கு. அவருக்காக முதலில் ஒருவர் பேசவேண்டும். ஊர்க் கமிட்டிச் செயலாளர் கேட்கத்தான் கேட்டார்: "ஆராவது பேசுகியளா?"

"எதுக்கு? அவன் கடல்லயா கெடக்கான்? பஸ்ஸுல ஏறித்தான போனான்" என்றான் ஒருவன். சிலர் சிரித்தார்கள். பங்குச் சாமியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த பூசைக்கு வேறு ஊருக்குப் போகவேண்டும். யாருக்காகப் பேச அவர் எழுந்தாரோ, அவன், கன்னத்தில் அறைந்தவன், அவனும் அங்கே நின்றான். வாய் திறக்கவில்லை. அப்பாவும் நின்றார். ஏன், நான் நின்றேனே! அந்த இரண்டாம் பாதியை முழுசாகக் கேட்ட ஒரே ஆள் நான். எழுந்து அதைச் சொன்னால், பிறகு ஏன் ஆதரவு என்று எழுதினாய் என்று கேட்பார்கள். அது ஆபீஸ்வரை போகும். தரையில் ஒரு எறும்பு வரிசை போனது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தீர்ப்பு என்று யாரும் எதுவும் எழுதவில்லை. இனி அவருடைய ஷெட்டுக்கு இஞ்சின் போகாது, அவ்வளவுதான். குளச்சலுக்குப் போனது. பெருநாளில் சப்பரத்துக்கு முன்னால் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்வது அவர்தான். அந்த வருஷம் ஆள் மாற்றினார்கள். மாமி குழாயடியில் குடத்தை வைத்தால் பக்கத்துக் குடங்கள் நகர்ந்தன. "உனக்க தாலியறுத்தது அந்த உலை இல்லட்டி, உனக்க மாப்பிள்ளைக்க நாக்கு" என்று ஒருத்தி அவள் முகத்துக்கு நேரே சொன்னாளாம், அவர் உயிரோடு இருக்கும்போதே.

அவர் ஒரு தடவைகூட யாரையும் கூப்பிட்டு விளக்கவில்லை. ரோட்டில் பார்த்தபோது, "இவ்வளவு ஆனதுக்கு அப்புறமும் சும்மா இருக்கியளே மாமா" என்று நான்தான் வெட்கமில்லாமல் கேட்டேன்.

"அவுங்க பக்கமும் ஞாயம் உண்டும் மக்கா. மானம் போச்சுல்லா" என்றார்.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் ஷெட்டைப் பூட்டிவிட்டு, மாமியின் தம்பி வீடு இருக்கிற குழித்துறைக்குப் போய்விட்டார்கள். அந்த டிரம் மட்டும் கொஞ்ச நாள் வெளியே கிடந்தது.

இரண்டு வருஷம் கழித்து அந்தக் கோப்பு என் மேசைக்கு வந்தது. உலை எங்கள் கரைக்கு வரவில்லை. கடலடித் தரை தோதில்லை என்று யாரோ ஒரு நிபுணர் இரண்டு வரி எழுதியிருந்தார், கைவிடப்பட்டது. கருத்துக்கேட்புப் பதிவுகளின் கட்டு அதோடு வந்தது. வெள்ளை நாடாவில் நான் போட்டு அனுப்பிய முடிச்சு அப்படியே இருந்தது. ஒருவனும் அவிழ்க்கவில்லை. அவருடைய ஆதரவையும் எவனும் படிக்கவில்லை, மற்றவர்களின் எதிர்ப்பையும் எவனும் படிக்கவில்லை. நல்லது எது, கெட்டது எது என்று அந்த மண்டபத்தில் நிறுத்துப் பார்க்க முயன்றது ஒரே ஒரு மனுஷன். அவனைத்தான் ஊர் தூக்கி வெளியே போட்டது. சேதி தெரிந்த அன்று கரையில் வெடி போட்டார்கள். லட்டு கொடுத்தார்கள். நானும் ஒன்று தின்றேன்.

அந்த வாரமே குழித்துறைக்குப் போனேன். சந்தைக்குப் பக்கத்தில் சின்னக் கடை. வாழைத் தோட்டத்துப் பம்புகளும் புல்வெட்டும் மெஷின்களும் கிடந்தன. முடி நன்றாக நரைத்திருந்தது. "மக்கா, வா, வா" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். மாமி உள்ளே இருந்து எட்டிப் பார்த்தாள். உடனே உள்ளே போய்விட்டாள். நான் செய்தது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

சாயா வருவதற்குள் சொல்லிவிட்டேன். கட்டத்தில் எழுதியது, முற்றத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றது, இரண்டும். அவர் ஒரு ஸ்பார்க் பிளக்கை உப்புத்தாளால் தேய்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"உனக்க பக்கம் பாத்தா" என்று ஆரம்பித்தார். "மைக்குல சொன்னத எழுதணும்னுதான் உனக்கு உத்தரவு. நீ எழுதுன. புது வேலை. உனக்க அம்மை நேர்ந்து வாங்குன வேலை. முற்றத்துல நீ ஒத்தையா எழும்பியிருந்தா உன்னையும் சேத்து உலைக்காரன்னுதான் சொல்லியிருப்பாவ. உனக்குப் பின்னால ரெண்டு தங்கச்சி கெடக்கு. அதுங்களுக்க கலியாணம் நின்னிருக்கும். மூணு நிமிசம்னு நீ முன்னாலயே சொன்ன. கேக்காதது நான். உனக்க மேல பெரிய குத்தம் சொல்லதுக்கு இல்ல."

என் பக்கத்தை நானே அவ்வளவு அழகாகச் சொல்லியிருக்கமாட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாமி சாயாவை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அவர் தன்னுடையதை ஒரு மிடறு குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். இனி அடுத்த பக்கம் என்று சொல்லுவார் என்று காத்திருந்தேன். திட்டட்டும், காறித் துப்பட்டும், அதைக் கேட்கத்தானே வந்தேன். அவர் பிளக்கை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். மறுபடியும் தேய்த்தார். மெஷினில் பொருத்தி முறுக்கினார்.

"அடுத்த பக்கம், மாமா?" என்று நானே கேட்டுவிட்டேன்.

அவர் ரோட்டைப் பார்த்தார்.

"உனக்கு பஸ் வந்தாச்சு, மக்கா" என்றார்.